வெடிக்காமல் விடைபெறும் விண்மீன்கள்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வகுப்பறையில் வானியல் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கும், தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்களுக்கும்,

நம் உடம்பு விண்மீன்களில் பிறந்த தனிமங்களால் ஆனது என்ற செய்தி இன்றைய மாணவர்களுக்குப் புதிதல்ல. அதை அவர்களிடம் கொண்டு சேர்த்தவர்கள் நீங்கள்தான். ஆனால் அந்தச் செய்தியோடு ஒரு படமும் ஒட்டிக்கொண்டே போகிறது. ராட்சத விண்மீன் ஒன்று சூப்பர்நோவாவாக வெடிக்கிறது. அந்தச் சிதறலிலிருந்து கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் வெளியே வருகின்றன. அவற்றிலிருந்து நாம் வந்தோம். இந்தப் படம் பொய் என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. இது பாதிப் படம், அதுவும் அரிதாக நடக்கும் பாதி என்று சொல்லவே எழுதுகிறேன். விண்மீன்களில் மிகப் பெரும்பான்மை வெடிப்பதே இல்லை. அவை தம் வெளியடுக்குகளை வாயுவாகவும் தூசியாகவும் பல லட்சம் ஆண்டுகள் உதிர்த்து, கடைசியில் ஒளிரும் நெபுலா ஒன்றைச் சூழவிட்டு அடங்குகின்றன. நம் உடம்பில் இருக்கும் கார்பனில் கணிசமான பங்கும், நைட்ரஜனில் பெரும்பங்கும் இந்த வழியில் வந்தவையே. ஆகவே விண்மீன்களின் மரணத்தைப் பற்றிய பாடம் வெடிப்பிலிருந்து அல்ல, உதிர்தலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். மையம் சரிந்து சூப்பர்நோவாவாக வெடிக்க ஒரு விண்மீன் பிறக்கும்போதே சூரியனைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு நிறையாவது கொண்டிருக்க வேண்டும். அத்தகைய விண்மீன்கள் மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கின்றன. சூரியனும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. நம் பால்வெளியில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கடைசி சூப்பர்நோவா 1604-இல் தோன்றியது. அமைதியாக உதிரும் விண்மீன்கள் உருவாக்கிய நெபுலாக்களோ, இதே பால்வெளியில் இன்று 3,000-க்கும் மேல் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. இவற்றுக்குக் கோள் நெபுலா என்று பெயர். சிறிய தொலைநோக்கியில் கோளைப் போல வட்டமாகத் தெரிந்ததால் வில்லியம் ஹெர்ஷல் காலத்தில் நிலைத்த பெயர் அது. கோள்களுக்கும் இவற்றுக்கும் உறவு இல்லை.

இந்த உதிர்தல் எப்படி நடக்கிறது என்பதை ஒரு வகுப்பு நேரம் முழுக்கச் சொல்லலாம். அவ்வளவு சுவையான இயற்பியல் அதில் இருக்கிறது. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் விண்மீன் வீங்கிச் செம்பெருமீன் ஆகிறது. பிறகு மையத்தில் ஹீலியம் எரிந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆகிறது. அந்த ஹீலியமும் தீர்ந்தபின், மையத்தைச் சுற்றிய மெல்லிய ஓடுகளில் மட்டும் ஹைட்ரஜனும் ஹீலியமும் மாறி மாறி எரிகின்றன. இந்தக் கட்டத்தில் விண்மீன் மிகப் பெரியது. நம் சூரியன் இருக்கும் இடத்தில் அது இருந்தால் பூமியின் பாதையைத் தொடும் அளவு. மேற்பரப்பின் வெப்பம் ஏறக்குறைய 3,000 டிகிரிதான். அவ்வளவு அகன்ற உடம்பின் விளிம்பில் ஈர்ப்பின் பிடி மிகவும் தளர்ந்திருக்கும். அதோடு விண்மீன் மொத்தமும் சில நூறு நாட்களுக்கு ஒருமுறை விம்மித் தணிகிறது. டேவிட் ஃபப்ரீசியஸ் 1596-இல் கவனித்த மிரா என்ற விண்மீனில் இந்தத் துடிப்பு சுமார் 332 நாட்களுக்கு ஒருமுறை நிகழ்கிறது.

ஒவ்வொரு விம்மலும் மேல்வாயுவைச் சற்றுத் தூக்கி எறிகிறது. விண்மீனை விட்டு விலகிய வாயு குளிர்ந்து, 1,500 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது திடத் துகள்களாக உறைகிறது. எந்த வகைத் துகள் என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கணக்கு: அந்த வாயுவில் கார்பன் அணுக்கள் அதிகமா, ஆக்சிஜன் அணுக்கள் அதிகமா? இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து கார்பன் மோனாக்சைடாகப் பூட்டிக்கொள்ளும்; எது மிஞ்சுகிறதோ அதுதான் தூசியாகும். ஆக்சிஜன் மிஞ்சினால் நம் மணலுக்கு உறவான சிலிக்கேட் துகள்கள். கார்பன் மிஞ்சினால் மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியில் படியும் கரியைப் போன்ற துகள்களும் சிலிக்கன் கார்பைடும். இந்தத் தூசியை விண்மீனின் வெளிச்சமே வெளியே தள்ளுகிறது. தூசி மோதி மோதி வாயுவையும் இழுத்துக்கொண்டு, விநாடிக்குப் பத்து கிலோமீட்டர் அளவு வேகத்தில் வெளியேறுகிறது. சிம்ம விண்மீன் குழுவில் சி.டபிள்யூ. லியோனிஸ் என்ற கார்பன் விண்மீன் இப்படி ஓர் ஆண்டில் உதிர்ப்பது ஐந்தாறு பூமிகளின் நிறை. அதன் புகையுறையில் எழுபதுக்கும் மேற்பட்ட மூலக்கூறு வகைகளை வானொலித் தொலைநோக்கிகள் இனங்கண்டிருக்கின்றன.

கடைசியில் மேலுறை தீர்ந்து, உள்ளே இருந்த சூடான மையம் வெளிப்படுகிறது. அதன் வெப்பம் 25,000 டிகிரியைத் தாண்டியதும் அது வீசும் புற ஊதா ஒளி, முன்னமே உதிர்ந்து விலகிப்போன வாயுவின் எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்து அதை ஒளிரச் செய்கிறது. நாம் படங்களில் பார்க்கும் நெபுலா அதுதான். அந்த ஒளிர்வு ஒரு பத்தாயிரம், இருபதாயிரம் ஆண்டுகளே நீடிக்கும். வாயு விரிந்து மெலிந்து விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் கலந்துவிடும். மையம் பூமியின் அளவு கொண்ட வெண்குறுமீனாகச் சுருங்கி, எரிபொருள் இல்லாமல் குளிரத் தொடங்கும்.

இவையெல்லாம் ஊகம்தானே, பல ஆயிரம் ஆண்டு நடக்கும் நிகழ்வை யார் பார்த்தார்கள் என்று ஒரு மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. அதற்கான விடை அறிவியலின் சிறந்த துப்பறிதல்களில் ஒன்று. 1864 ஆகஸ்ட் 29-ஆம் நாள் இரவு, லண்டனின் தெற்கே டல்ஸ் ஹில்லில் இருந்த தம் சொந்த ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹக்கின்ஸ், இன்று பூனைக்கண் நெபுலா என்று அழைக்கப்படும் என்.ஜி.சி. 6543-ஐ நோக்கி நிறமாலைமானியைத் திருப்பினார். நெபுலா என்பது தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத விண்மீன் கூட்டமா, உண்மையிலேயே வாயுவா என்பது அன்றைய பெரிய விவாதம். விண்மீன்களாக இருந்தால் வானவில் போலத் தொடர்ந்த நிறப்பட்டை தெரிய வேண்டும். ஹக்கின்ஸ் கண்டதோ இருட்டில் பளிச்சென்ற பச்சைக் கோடு, அதன் பக்கத்தில் இன்னும் மங்கலான கோடுகள். வாயு மட்டுமே அப்படி ஒளிரும். ஒரே இரவில் அந்த விவாதத்தின் போக்கு மாறிற்று.

ஆனால் அந்தப் பச்சைக் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. நெபுலியம் என்ற புதுத் தனிமம் இருக்கலாம் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1927-இல் கலிஃபோர்னியாவில் ஐரா போவன் விடை கண்டார்: அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன். தூண்டப்பட்ட அந்த அணு பச்சை ஒளியை உமிழ அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பூமியின் ஆய்வுக்கூடத்தில் அதற்குள் இன்னோர் அணு வந்து மோதி ஆற்றலைப் பறித்துவிடும். நெபுலாவின் வாயு ஒரு கன சென்டிமீட்டருக்கு சில ஆயிரம் துகள்கள் என்ற அளவுக்கு மெலிதானது. அங்கே மட்டுமே அந்த அணுவுக்குப் பொறுத்திருக்க நேரம் கிடைக்கிறது. ஆக, இத்தகைய கோடுகளை ஒப்பிட்டு வாயு எதனால் ஆனது, எவ்வளவு மெலிது, எவ்வளவு சூடு என்ற மூன்றையும் படிக்க முடிகிறது.

ஒளிரும் வாயு இருக்கிறது, சரி. அது விண்மீனிலிருந்துதான் தப்பி வந்தது என்பதற்குச் சாட்சி? 1956-இல் ஆர்மின் டாயிச் ஆல்ஃபா ஹெர்குலிஸ் என்ற செம்பெருமீனை ஆராய்ந்தார். அதற்குப் பக்கத்தில் வேறு வகைத் துணை விண்மீன் ஒன்று இருக்கிறது. அந்தத் துணையின் ஒளியிலும் செம்பெருமீனின் குளிர்ந்த வாயு பதிக்கும் அதே கருங்கோடுகள் இருந்தன. அப்படியானால் பெருமீனின் வாயு அவ்வளவு தூரம் தாண்டி, துணையையும் சூழ்ந்திருக்கிறது. அந்தத் தொலைவில் பெருமீனின் ஈர்ப்பு மிகவும் தளர்ந்துபோயிருக்கும். விநாடிக்குப் பத்து கிலோமீட்டர் வேகமே தப்பிப் போகப் போதும். போன வாயு திரும்பப்போவதில்லை என்பது அதிலிருந்து உறுதியானது. அதே ஆண்டு சோவியத் வானியலர் ஐயோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி, கோள் நெபுலாக்களின் மைய விண்மீன்களே வெண்குறுமீன்களாக மாறுகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டையும் சேர்த்தால் கதை முழுதாகிறது.

இன்னொரு சாட்சி நம் வானத்தில் எல்லோருக்கும் தெரிந்த கார்த்திகைக் கூட்டத்தில் இருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்கின் விளைவாக இன்று நமக்குத் தெரியும்: வெண்குறுமீன் ஒன்று சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டு நிலைத்திருக்க முடியாது. கார்த்திகைக் கூட்டத்தின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. அவ்வளவு குறுகிய காலத்தில் வாழ்ந்து முடிக்க ஒரு விண்மீன் சூரியனைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நிறையோடு பிறந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருக்கும் வெண்குறுமீனின் நிறை கிட்டத்தட்ட ஒரு சூரியன்தான். மீதி நான்கு, ஐந்து சூரியன்கள் எங்கே போயின? வெடித்திருந்தால் வெண்குறுமீன் அங்கே மிஞ்சியிருக்காது. உதிர்ந்து போயின என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இந்தக் கழித்தல் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவரும் போடலாம்.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். உதிர்வது வெறும் பழைய ஹைட்ரஜன் அல்ல. அந்த விண்மீன் தன் வாழ்நாளில் சமைத்த புதுத் தனிமங்களும் சேர்ந்தே வெளியேறுகின்றன. 1952-இல் பால் மெரில் சில செம்பெருமீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் என்ற தனிமத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீசியத்துக்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. விண்மீனின் உள்ளே உருவாகும் வகை இரண்டு லட்சம் ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். விண்மீனின் வயதோ பல கோடி ஆண்டு. எனவே அது பிறக்கும்போது கொண்டுவந்த பொருள் அல்ல. அண்மையில் உள்ளே உருவாகி மேற்பரப்புக்கு வந்தது. விண்மீன்கள் தனிமங்களை ஆக்குகின்றன என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று வெடிப்பிலிருந்து வரவில்லை, அமைதியாக உதிரும் விண்மீனிலிருந்து வந்தது. இந்தச் செய்தி நம் பாடங்களில் இடம்பெறாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்தச் சான்றின் மறுமுனை நம் கைக்கே வந்து சேர்ந்தது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. பின்னர் அதிலிருந்து, சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவான சிலிக்கன் கார்பைடுத் துகள்கள் பிரித்தெடுக்கப்பட்டன. தலைமுடியின் தடிமனை விடச் சிறியவை. அவற்றின் ஐசோடோப்பு விகிதங்கள் சூரிய மண்டலத்தின் எந்தப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை. கார்பன் மிகுந்த செம்பெருமீன்களோடு ஒத்துப்போயின. இந்த வகைத் துகள்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அப்படிப்பட்ட விண்மீன்களில் பிறந்தவை. சூப்பர்நோவாவிலிருந்து வந்தவை நூற்றுக்கு ஒன்றிரண்டே. 2004-இல் அத்தகைய துகள்களில் ருத்தீனியத்தின் ஓர் ஐசோடோப்பு வழக்கத்துக்கு மிஞ்சி இருப்பது கண்டறியப்பட்டது. அது டெக்னீசியம் தேய்ந்து விட்டுச் சென்ற தடயம். மெரில் தொலைநோக்கியில் கண்ட அதே தனிமம், வேறொரு விண்மீனின் தூசியில், ஆய்வு மேசையின் மேல். 2020-இல் வெளியான ஆய்வின்படி இந்தத் துகள்களில் சில 700 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. பூமியில் நாம் தொட்டுப் பார்த்த திடப்பொருள்களில் இவற்றை விட மூத்தது இல்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். நம் உடம்பின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன். அது பெரும்பாலும் பெரிய விண்மீன்களிலிருந்துதானே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. கால்சியத்துக்கும் பெரும்பாலும் வெடிப்புகளையே சொல்ல வேண்டும். தங்கத்துக்கு நியூட்ரான் விண்மீன்களின் மோதலையும் சேர்க்க வேண்டும். கார்பனிலும் பெரிய விண்மீன்களின் பங்கு எவ்வளவு, சிறிய விண்மீன்களின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த எண்ணைச் சொல்லவில்லை. பல கணிப்புகள் பாதிக்குப் பாதி என்ற அளவில் நிற்கின்றன. ஆனால் நைட்ரஜனில் பெரும்பங்கு, பேரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு, வாணவேடிக்கைக்குச் சிவப்பு நிறம் தரும் ஸ்ட்ரான்சியத்தில் பெரும்பங்கு ஆகியவை அமைதியாக உதிர்ந்த விண்மீன்களின் கொடை என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. இரும்பின் பெரும்பகுதியும் வெண்குறுமீன்களில் சில பின்னாளில் வெடித்ததால் வந்தது. அந்த வெண்குறுமீன்களும் முதலில் மேலுறையை இழந்து பிறந்தவையே. நான் கேட்பது சூப்பர்நோவாவை நீக்கச் சொல்லி அல்ல. கணக்கில் இரண்டு பத்திகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் படித்துக்காட்ட வேண்டாம் என்பதே.

வெடிப்பு மாணவர்களைக் கவரும், உதிர்தல் கவராது என்பது அடுத்த தடை. இதை நான் ஏற்கவில்லை. மிரா விண்வெளியில் விரைந்தபடி தன் பின்னால் 13 ஒளியாண்டு நீள வால் ஒன்றை விட்டுச் செல்வது 2007-இல் புற ஊதாப் படங்களில் தெரிந்தது. அது 30,000 ஆண்டுகளாக உதிர்ந்த பொருள். இதில் வியக்க ஒன்றுமில்லையா? மேலும் கவர்ச்சிக்காகப் பாதியை விட்டால் அதற்கு விலை இருக்கிறது. சூரியன் ஒருநாள் வெடித்துச் சிதறும் என்று நம்பும் மாணவர்கள் ஏராளம். சூரியனுக்கு அந்த முடிவு இல்லை. இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டு கழித்து அது வீங்கி, தன் நிறையில் கிட்டத்தட்டப் பாதியை உதிர்த்து வெண்குறுமீனாகும். அப்போது அதன் நெபுலா பார்க்கும்படி ஒளிருமா என்பதில்தான் விவாதம் இருந்தது; மங்கலாகவேனும் ஒளிர வாய்ப்பிருக்கிறது என்று 2018-இல் ஒரு கணிப்பு சொன்னது. தங்கள் சொந்த விண்மீனின் எதிர்காலத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு மாணவர்கள் பள்ளியை விட்டுப் போவது நமக்குப் பெருமை அல்ல.

இந்த நெபுலாக்கள் பட்டாம்பூச்சி போலவும் மணற்கடிகாரம் போலவும் தாறுமாறான வடிவங்களில் இருக்கின்றன. உருண்டையான விண்மீன் சீராக உதிர்ந்தால் இப்படி ஆகுமா என்றும் கேட்கலாம். இது வலுவான கேள்வி. இந்தத் துறையில் இன்று சூடாக நடக்கும் ஆராய்ச்சியும் இதுவே. துணை விண்மீன் ஒன்று சுற்றிவரும்போது உதிரும் வாயுவை அது கலக்கி வடிவமைக்கிறது என்பதற்குச் சான்றுகள் குவிந்து வருகின்றன. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த மோதிர நெபுலாவின் படத்தில், வளையத்துக்கு வெளியே சம இடைவெளியில் சுமார் பத்து மெல்லிய வளைவுகள் தெரிந்தன. ஏறக்குறைய 280 ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவை உருவானதாகக் கணித்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்றைச் சந்தேகிக்கிறார்கள். விடை முழுதாகத் தெரியாத இடம் வகுப்பறைக்குத் தடையல்ல. அறிவியல் முடிந்துபோன நூல் அல்ல என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். விண்மீன்களின் முடிவைச் சொல்லும்போது பெரும்பான்மையின் முடிவை முதலில் சொல்லுங்கள். வெடிப்பு அதற்குப் பின் வரட்டும். நாம் விண்மீன் பொருளால் ஆனவர்கள் என்று எழுதும்போது எந்தத் தனிமம் எந்த வழியில் வந்தது என்று ஒரு வரியாவது பிரித்து எழுதுங்கள். முடிந்தால் நேரில் காட்டுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் முன்னிரவுகளில் அபிஜித் என்று நாம் அறிந்த வேகா விண்மீன் தமிழகத்தில் வடக்கு வானில் உயரமாக நிற்கும். அதன் அருகே, யாழ் விண்மீன் குழுவின் தெற்கு விளிம்பிலுள்ள இரண்டு விண்மீன்களுக்கு நடுவே ஆறு அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினால் மோதிர நெபுலா சாம்பல் நிறச் சிறு வளையமாகத் தெரியும். படங்களின் நிறம் அதில் இராது; அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால்வெளியின் அடுத்த சூப்பர்நோவாவை எந்த ஆசிரியரும் நாள் குறித்துக் காட்ட முடியாது. இதை ஒவ்வோர் ஆண்டும் காட்டலாம்.

ஒரு பாடத்தில் எதை முதலில் வைக்கிறோம், எதை ஓரத்தில் வைக்கிறோம் என்பதும் ஒரு கருத்துதான். வெடிப்பை மட்டும் முன்னிறுத்தினால், பெரிதாக நடப்பவையே உலகை ஆக்குகின்றன என்று மாணவர் புரிந்துகொள்வார். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. நாம் மூச்சில் இழுக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கும், நம் எலும்பிலும் தசையிலும் உள்ள கார்பனில் கணிசமான பங்கும், சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன்கள் ஆண்டுக்குக் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துச் சேர்த்தவை. அந்த உண்மைக்கு உங்கள் வகுப்பில் முதல் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
வானியலை நேசிக்கும் ஒருவர்